நண்டுக்குள் இருந்தவள் எழுதுவது

அன்பு பிலோ அக்காவுக்கு,

ஆமாம், சொன்னேன். நாற்பது ஐம்பது பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அது திரைக்கதையிலேயே இருந்தது." குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம் அதுதான்.

நீ கேட்டிருந்தால் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாய். எல்லோரும் எழுந்து போனபின் என் பக்கத்தில் வந்து, "எந்தப் பக்கத்துல இருந்துச்சு?" என்று கேட்டிருப்பாய். மூன்று வாரமாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா என்று எழுதுவது கைக்குப் பழக்கமில்லை. நீ இருந்தவரை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பதினோரு மாதம்தான் மூத்தவள். உன் அம்மாவும் என் அம்மாவும் அக்கா தங்கை, ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். பெரியம்மா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். நான் பிலோ என்றேன். கோபம் வந்தால் பிலோமினா. இப்போது நீ இருபத்தைந்திலேயே நின்றுவிட்டாய். வருகிற மார்ச்சில் நான் உன்னைத் தாண்டிவிடுவேன். அதன் பிறகு அக்கா என்று கூப்பிட்டால் யாராவது சிரிப்பார்கள்.

இந்தக் கடிதம் ஒரு பத்திரிகைக்குப் போகிறது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

கிருஷ்ணகிரியில் சில நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு படம் திரையிட்டுப் பேசுகிறார்கள். பள்ளிக்கூட அறை, வாடகை டிவி, டேப்பை ஓட்ட ஒரு டெக். போன மாதம் உன் படம். நாற்பத்திரண்டு நிமிடம். பெரியம்மாவும் வந்திருந்தார். நீலப் புடவை, மூன்றாவது வரிசை. அறையில் இருந்த ஒரே வயதான பெண்.

படம் முடிந்ததும் ஒருவர் எழுந்தார். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர். "வாட்ச்மேன் ஏடி என்று கத்துகிறான். நண்டு நின்று திரும்பிப் பார்க்கிறது. இந்த மாதிரிப் படங்களில் பிராணி வரும், நசுக்கும், சாகும். யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதும் அது திரும்பியதுமில்லை. இது யாருடைய யோசனை?"

அந்த நொடியில் நான் உன்னை நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் பொய் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியம்மா கேட்டார்.

"அந்த நண்டு திரும்புறது நீ எழுதுனதாமே?"

"ம்."

"அவ சொன்னதில்லையே."

"எல்லாத்தையும் சொல்லுவாளா பெரிம்மா?"

"எங்கிட்ட சொல்லுவா."

சூளகிரி வந்ததும் பேச்சு வெங்காயத்தைப் பற்றிப் போய்விட்டது. நான் அதற்கும் பதில் சொன்னேன்.

எல்லோரும் எதிர்பார்த்தது நீ என்மேல் பொறாமைப்படுவாய் என்று. நான் சென்னையில் எம்.ஏ. நீ பத்தாவதோடு நிறுத்திவிட்டு ஓசூர் தொழிற்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் சுற்றினாய். கிறிஸ்துமஸ் விருந்தில் மாமாக்கள் உன் முகத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள். உனக்கு அந்த எண்ணமே இல்லை. எனக்கு இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் பொறாமை என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். யார்மேல் என்று சாமியார் கேட்டதில்லை.

எப்போது ஆரம்பித்தது? ஜூஜுவாடி வீடியோ சென்டரில்தான் இருக்கவேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நாம் இரண்டு பேரும் அங்கே போவோம். செக்போஸ்ட்டில் வண்டி நிறுத்திய லாரி டிரைவர்கள், நாம், ஒரு டிவி. ஜன்னலுக்குச் சாக்குப் படுதா. எங்கிருந்தோ வந்த வெளிநாட்டுப் படங்கள். லாரி அளவு எறும்பு. சாக்கடையிலிருந்து எழும் மீன். எல்லாப் படத்திலும் ஒரு டிரம் இருக்கும். மண்டையோடு போட்ட டிரம். அது ஒழுகும். சென்டர்காரர் படம் பார்க்காதவர்போல் நின்றுகொண்டு கதை சொல்வார். "இப்ப பாருங்க, டிரம் ஒடையுது. நீரு கெட்டோய்த்து. அவ்ளோதான், பல்லி பெருசாயிடும்."

நான் பல்லியின் முதுகில் ஜிப் தேடுவேன். கண்டுபிடித்ததும் உன் தொடையில் தட்டுவேன்.

"ஜிப் தெரியுது பாரு. உள்ள ஆளு."

"தெரியுது."

"அப்புறம் என்ன பயம்?"

"பயம் இல்ல. உள்ள ஆளு இருக்குன்னா பாவமா இருக்கு. எவ்ளோ வேர்க்கும்?"

பத்து வயதில் இப்படி ஒருத்தி பேசினால் பக்கத்தில் இருப்பவள் என்ன செய்வாள்? எனக்கு அந்த வாக்கியம் வந்திருக்கவேண்டும் என்று தோன்றியது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் தோன்றியது.

பிறகு நான் படித்தேன். அந்தப் படங்களைக் குப்பை என்று சொல்லும் புத்தகங்களைப் படித்தேன். அவற்றில் ஒரு காலத்தின் அச்சம் இருக்கிறது என்று சொல்லும் புத்தகங்களையும் படித்தேன். விடுமுறையில் வந்து உனக்கு இரண்டையும் சொன்னேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வீடியோ எடுப்பவரோடு போய்க்கொண்டிருந்தாய். முதலில் லைட் பிடித்தாய். பிறகு கேமரா. "மண்டபத்துல மாப்பிள்ளைய எல்லாரும் பாப்பாங்க. நான் மாலை கட்டுறவங்களையும் கொஞ்சம் எடுப்பேன். கல்யாண வீட்டுக்காரங்க திட்டுவாங்க" என்றாய். நான் சொன்னதை நீ கேட்டாயா என்று தெரியவில்லை.

ஏரி அப்போதே நுரைக்க ஆரம்பித்துவிட்டது. உன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு பிளேட்டிங் கம்பெனி. இரும்புக்கு முலாம் பூசுகிறவர்கள். அவர்கள் கால்வாய் ஏரியில் விழும் இடத்தில் தண்ணீர் பெட்ரோல் சிந்தியதுபோல மினுங்கும். காற்று அடித்தால் நுரை கரையேறி ரோட்டைக் கடக்கும். வரப்பில் நண்டு வளை இருந்தது. நண்டு இல்லை. "எங்க போச்சுங்க எல்லாம்?" என்று ஒருநாள் கேட்டாய். யாரிடமும் இல்லை, நுரையைப் பார்த்து.

"படம் எடுக்கலாமா ரெஜி? அந்த டிரம் படம் மாதிரி. நண்டு வெச்சு."

சிரித்தேன். அன்று மாலையே எழுத ஆரம்பித்தேன். நீ எழுதிவிடுவாயோ என்று.

இருபத்தெட்டுப் பக்கம். நண்டு பெரிதாகிறது. ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு வருகிறது. ஒரு பேராசிரியர் வந்து இரண்டரைப் பக்கம் பேசுகிறார். நண்டு இறக்கிறது. கேன்டீனில் உட்கார்ந்து நீ முழுதும் படித்தாய். நான் எதிரில் உட்கார்ந்து உன் கண் எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்கு. இந்த புரொபசர் எப்ப வாய மூடுவாரு?"

"அவர்தான்டி கருத்தே."

"கருத்துக்கு வேஷம் போட ஆளு கிடைக்கமாட்டான். நண்டுக்குப் போடலாம்."

நண்டைப் பெரியம்மா வீட்டுப் பின்பக்கத்தில் கட்டினோம். மூங்கில் சட்டம். மேலே மோட்டார் பேக்கிங்கில் வரும் தெர்மகோல். அதன்மேல் பஸ் சீட்டு தைக்கிறவரிடம் வாங்கிய கருப்பு ரெக்சின் துண்டுகள். கொடுக்குக்கு நாலு முறம், இரண்டிரண்டாகக் கட்டிச் சிவப்புப் பெயின்ட். கயிற்றை இழுத்தால் வாய் திறக்கும். கண்ணுக்கு ஸ்கூட்டர் பிரேக் ஒயரில் இரண்டு பந்து. பெரியம்மா முறத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவரும் சொல்லவில்லை.

உள்ளே யார்? சட்டம் சிறியதாகிவிட்டது. நான்தான் ஒல்லி, நான்தான் குள்ளம்.

"புரொபசரம்மா, உள்ள போ" என்றாய்.

வாட்ச்மேன் வேஷத்துக்கு நஞ்சப்பா. உன் கம்பெனி கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்து ஊர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரே ஒரு வசனம்தான் அவருக்கு. நான் எழுதியது. "ஐயையோ! நண்டு! நண்டு!" இருபது முறை சொல்லிப் பார்த்தார். இருபது முறையும் சரியாக வந்தது.

ஞாயிறு காலை. கம்பெனிக்கு விடுமுறை. ஏரிக்கரையில் காற்று. நுரைக்கு நாம் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. ஏரியே முட்டி அளவுக்குக் கொடுத்தது. அதற்குள் நான் தவழ வேண்டும். பக்கவாட்டில். முழங்கை எரிந்தது. ரெக்சினுக்குள் வெயில். ஒரு ஓட்டை வழியாக ஒரு துண்டு நுரையும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. நேராகக் காவல் கூண்டுக்குப் போய் அதைச் சாய்க்கவேண்டும் என்பது காட்சி. போய்க்கொண்டிருந்தேன்.

"ஏடி! ஏடி!"

ஒரு ஆணின் குரல், என் முதுகுப் பக்கத்திலிருந்து.

நின்றேன். யார் என்னை இப்படிக் கூப்பிடுவது? வீட்டில்கூட யாரும் ஏடி என்றதில்லை. உடம்போடு சேர்த்து மொத்த நண்டையும் மெதுவாகத் திருப்பினேன். ஓட்டை வழியாக நஞ்சப்பாவின் முகம். கயிறு கையிலிருந்து நழுவி ஒரு கொடுக்கு தொங்கிவிட்டது. நாலு நொடி இருக்கும். பிறகு மேல்மூடியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"யாருய்யா ஏடிங்கிறது? மரியாதையா கூப்பிடத் தெரியாதா?"

நஞ்சப்பா தொப்பியைக் கழற்றினார். "ஐயோ மேடம், உங்கள இல்ல. ஏடி அந்த்ரே நண்டு. நுரைக்குள்ள இருந்து நிஜமாவே வந்த மாதிரி இருந்துச்சா, பயத்துல கன்னடம் வந்துடுச்சு." பிறகு என்னைப் பார்த்து, உண்மையான வியப்போடு, "நிமகெ கொத்தில்வா?"

உங்களுக்குத் தெரியாதா. அந்த அளவு கன்னடம் எனக்குப் புரியும்.

தெரியாது. இதுதான் இந்தக் கடிதத்தில் நான் எழுதவேண்டிய வரி. எல்லையிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத்தில் பிறந்து வளர்ந்தவள், நண்டைப் பற்றி இருபத்தெட்டுப் பக்கம் எழுதியவள், கன்னடத்தில் ஏடி என்றால் நண்டு என்று தெரியாதவள். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று மொழிக்காரர்களுக்கும் மூன்று விதமாகக் கேட்கும் ஒரு சொல்லை, என் பொய்யின்படி, நான் திட்டமிட்டு வைத்தேனாம். எனக்கு அது ஒரு விதமாகத்தான் கேட்டது. ஒரு கிண்டலாக.

நீ சேற்றில் உட்கார்ந்து சிரித்தாய். கேமரா மடியில். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும் ரெஜி" என்றாய். நான் மறுத்தேன். திரும்ப எடுக்கவேண்டும் என்று நின்றேன். எடுத்தாய். நஞ்சப்பா "நண்டு! நண்டு!" என்றார். நான் நேராகப் போய்க் கூண்டைச் சாய்த்தேன். "ஓகே" என்றாய். நம்பிவிட்டேன்.

ஆயுத பூஜை அன்றுதான் தெரிந்தது.

அன்று கம்பெனிக்குள் குடும்பங்களை விடுவார்கள். மிஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. கேன்டீனில் பொரியும் சுண்டலும். பிற்பகல் கேன்டீன் டிவியில் உன் படம். நான் பின்பெஞ்சில் ஓரமாக இருந்தேன், எழுதியவளாக. பேராசிரியர் போய்விட்டிருந்தார். இரண்டரைப் பக்கமும் போய்விட்டிருந்தது. அதற்கே எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்போது அந்த இடம் வந்தது.

"ஏடி! ஏடி!"

கன்னடக்காரர்கள் பகுதியில் ஒரு குழந்தை வீறிட்டது. அவர்களுக்கு நண்டு வந்துவிட்டது, அவ்வளவுதான். பேரிகை ஊர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிற தெலுங்குப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தெலுங்கில் ஏடி என்றால் அவன் எங்கே என்று கேட்பது. வாட்ச்மேன் தங்களைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். எல்லோருமாகக் கையை நீட்டி, "அதிகோ! அதிகோ! நீ முந்தர!" என்று கத்தினார்கள். அதோ, உன் முன்னால். நம் ஆட்கள் பக்கத்திலிருந்து ஒரு விசில். "டேய், ஏடிங்கிறான்டா! பொண்டாட்டியா அது?"

அப்போது திரையில் நண்டு நின்றது. திரும்பியது. ஒரு கொடுக்கு தொங்கியது.

விசிலடித்தவன் வாயிலிருந்து விரலை எடுத்தான்.

காயில் செக்‌ஷனிலிருந்து உன் தோழி ஒருத்தி, பெயர் மறந்துவிட்டது, மெதுவாகச் சொன்னாள். "அய்ய, பொம்பளப் புள்ள போலிருக்குமே அது. பாவம்."

நான் எழுந்து வெளியே போனேன். கை கழுவும் இடத்தில் நின்று குழாயைத் திறந்தேன், மூடினேன். நல்ல படம் ஒன்றைப் பார்த்தால் எனக்கு மார்பில் ஒரு இடம் இறுகும். அது சந்தோஷம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று இறுகியது அதே இடம். சந்தோஷம் இல்லை. எனக்கு வரவேண்டியது உனக்கு வந்துவிட்டது என்ற எண்ணம். இதில் இன்னொரு மோசமும் இருந்தது. திரையில் இருந்தது என் முதுகு, என் முழங்கை, என் கோபம். என்னிடமிருந்தே எடுத்து எனக்குத் தெரியாத ஒன்றைச் செய்திருந்தாய்.

விருந்தினராக வந்த பிளேட்டிங் கம்பெனி மேனேஜர் ரொம்பச் சிரித்தார். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு காப்பி கேட்டார். நீ சரி என்றாய்.

வீட்டுக்கு நடக்கும்போது உன்மேல் பாய்ந்தேன்.

"அந்தாளுக்கா குடுப்ப?"

"பாக்கட்டும். நண்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு புள்ளைங்க கேக்கும்ல. அவரு என்னா சொல்றாருன்னு பாக்கலாம்."

"என்னைக் கேக்காம ஏன் அதை வெச்ச? ரெண்டாவது டேக்தான் சரி."

"ரெண்டாவதுல நண்டு போவுது. மொத டேக்ல நீ போற."

"அது தப்பு பிலோ. தெரியாம திரும்பினது."

"தெரிஞ்சு யாராலயும் அப்படித் திரும்ப முடியாதுமே. யாரோ கூப்பிட்டாங்கன்னு நெசமா நம்புன. அதான் வெச்சேன்."

அதை நீ பாராட்டாகத்தான் சொன்னாய். இப்போது தெரிகிறது. அன்று, "எனக்கு வேற வேலையில்ல, உனக்கு நண்டா இருக்க" என்று சொல்லிவிட்டு நான் தனியாக வேகமாக நடந்தேன். இரண்டு நாளில் சென்னைக்குப் பஸ் ஏறினேன். உன் கடிதம் ஒன்று வந்தது. அடுத்து ஒரு மீன் படம் எடுக்கலாமா என்று. பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியமே உன்னைத் திருத்தும் வாக்கியமாக வந்தது.

பிறகு காய்ச்சல். நாலு நாள். எனக்குத் தகவல் வந்து நான் வந்து சேர்ந்தபோது உயிர் போயிருந்தது.

நுரைதான் உன்னைக் கொன்றது என்று எழுதிவிடலாம். நல்ல முடிவு. படித்தவர்கள் தலையசைப்பார்கள். ஆனால் அது எனக்குத் தெரியாது. நானும்தான் அதற்குள் தவழ்ந்தேன். எனக்கு முழங்கையில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். டாக்டர் ஏதோ ஒரு பெயர் சொன்னார். பெரியம்மா அதை ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறார். கேட்டால் காட்டுவார். யாரும் கேட்பதில்லை.

சாவிலும் நான் உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இதையும் எழுதிவிடுகிறேன். நீ ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுப் போய்விட்டாய். இரண்டாவது படம் சுமாராக வரும் வாய்ப்பு உனக்கு இல்லை. நான் இருக்கிறேன். இங்கே டுடோரியலில் இலக்கணம் நடத்துகிறேன். மூன்று கதை அச்சாகியிருக்கிறது. மூன்றும் சுமார். உன் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் உன் கம்பெனிப் பெண்கள் மூன்று மொழியில் அழுதார்கள். எனக்கு இத்தனை மொழியில் யார் அழுவார்கள் என்று நினைத்தேன். கையில் மண்ணை வைத்துக்கொண்டு அதை நினைத்தேன்.

உன் செய்தி ஏதும் இல்லாத இரண்டு வருடத்தில் இங்கே என்னவெல்லாம்? பிளேட்டிங் கம்பெனி கால்வாயைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள். நுரை இப்போது ஏரிக்கு அந்தக் கரையில் வருகிறது. வீடியோ சென்டர் இல்லை. கேபிள் வந்துவிட்டது, அந்த இடத்தில் டயர் கடை. நஞ்சப்பா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார். "உங்க அக்கா இருந்திருந்தா வீடியோவுக்கு நான் யாரையும் தேடவேண்டியதில்ல மேடம்." பிறகு அவரே பேச்சை மாற்றினார். அந்த மேனேஜரின் பிள்ளைகள் என்ன கேட்டார்கள், அவர் என்ன பதில் சொன்னார்? அது மட்டும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள உனக்குத்தான் ஆசை இருந்தது.

இனி அந்த மூன்று வாரம்.

கூட்டம் முடிந்த நாலாம் நாள் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. திரைக்கதை முழுவதையும் வெளியிட விரும்புகிறார். என் பெயரில். ஏடி காட்சியை எப்படி யோசித்தேன் என்று ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும்.

பழைய நோட்டை எடுத்தேன். பதினேழாம் பக்கம். "நண்டு நேராகக் கூண்டை நோக்கிச் செல்கிறது. கூண்டு சாய்கிறது." என் கையெழுத்து. சந்தேகத்துக்கு இடமில்லாத கையெழுத்து. அந்தப் பக்கத்தைப் பிளேடால் வெட்டினேன். அதே நீல மையில், அதே மாதிரி எழுத்தில், புதிய பதினேழாம் பக்கம் எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம். அதுவரை போனேன்.

"வாட்ச்மேன் ஏடி என்கிறான். நண்டு நிற்கிறது. தன் பழைய பெயரைக் கேட்டதுபோலத் திரும்புகிறது." அடித்தேன். "மனிதக் குரலின் வெப்பத்தை உணர்ந்து திரும்புகிறது." அடித்தேன். ஒன்பது முறை எழுதினேன் பிலோ. ஒன்பது முறையும் நண்டுக்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் தெரிந்த நண்டு நன்றாகவே திரும்பவில்லை. நடித்தது. எழுதத் தெரிந்த எனக்கு அந்த நாலு நொடியை எழுதத் தெரியவில்லை. ஏனென்றால் அது எழுதப்பட்ட இடத்தில் இல்லை. நஞ்சப்பாவின் பயத்தில் கொஞ்சம், என் அறியாமையில் கொஞ்சம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கண்டது உன் கண். நான் தப்பு என்று தள்ளியதை நீ வைத்துக்கொண்டாய்.

எந்தப் பக்கத்திலும் இல்லை. இதுதான் பதில்.

பஸ்ஸில் கேட்டதற்குப் பிறகு பெரியம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போன ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "எம்பொண்ணு கேமரா மட்டுந்தான் புடிச்சா. கதையெல்லாம் தங்கச்சி எழுதுனது. நல்லா படிச்சவ." என்னைக் குத்திக் காட்டவில்லை. அதை உண்மை என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். பெருமையாகவே சொன்னார். உன்னிடமிருந்து என்ன எடுத்தேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செத்தவளிடமிருந்து ஒன்றும் எடுக்கமுடியாது என்று நினைத்திருந்தேன். எடுத்தது பெரியம்மாவிடமிருந்து.

எனவே, ஒரு வாக்கு. பொறாமையை விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்யமாட்டேன். செய்தால் அதுவும் திரைக்கதையில் இருந்தது என்பது போலத்தான். அது இருக்கும். நல்ல படம் பார்க்கும்போதெல்லாம் அந்த இடம் இறுகும். நான் தரும் வாக்கு சிறியது. யார் கேட்டாலும், எந்த அறையில் கேட்டாலும், இது பிலோமினாவின் படம் என்று சொல்வேன். ஏடி என்றது நஞ்சப்பா. தெரியாமல் திரும்பியது நான். வசனம் எழுதியதும் நான், அதில் பாதியை வெட்டியது அவள், வெட்டியது சரி. இதைச் சொல்லும்போது குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

திரைக்கதை அச்சில் வராது.

உன் சித்தி மகள்,
தங்கை,
ரெஜினா

இதை எழுதி முடித்தபின் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன். பிறகு நடந்து போய்ப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்துவிட்டு, நாலு மணி வகுப்புக்குப் போனேன்.